கவுன்டரில் கை நடுங்குகிறது

கேள்வி: வங்கியில் 27 வருடமாக கிளார்க். போன வருடம் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்த நான், இப்போது ஒரு எஃப்.டி. போடவே பக்கத்து சீட்டுப் பையனைக் கூப்பிடுகிறேன். ஆளும் குறைந்துவிட்டது, இன்ஷூரன்ஸ் டார்கெட் வேறு. வரிசையில் முணுமுணுப்பு கேட்டாலே கை நடுங்குகிறது. ராத்திரி தூக்கமில்லை. வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, மூன்று பேர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒருவர் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். அது உங்கள் பலவீனம் இல்லை. ஆள் பற்றாக்குறையை மனஉறுதியால் சரிக்கட்டவும் முடியாது. மேனேஜரிடமும் சங்கத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

சாஃப்ட்வேர் விஷயம் வேறு. 1980-களில் அமெரிக்காவில் டெலிபோன் ஏகபோகத்தை உடைத்தபோது, சிகாகோவின் இல்லினாய் பெல் கம்பெனியில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. சல்வடோர் மாடி என்ற உளவியலாளர் 1975-லிருந்தே அங்கிருந்த மேலாளர்களைக் கவனித்து வந்தார். மூன்றில் இரண்டு பங்கினர் நொடிந்துபோனார்கள். மீதிப் பேர் தாக்குப்பிடித்தார்கள். அவர்கள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கவில்லை. தங்களால் ஆனதைச் செய்வதை நிறுத்தவில்லை. தெரியாததைப் பார்த்து மிரளாமல் கற்றுக்கொள்ளப் பார்த்தார்கள்.

அந்தப் பையனைக் கூப்பிடுவதை நீங்கள் அவமானமாக நினைப்பதுதான் எனக்குக் கவலை. கூட்ட நேரத்தில் கேட்டால் இருவருக்கும் பதற்றம். சாயங்காலம் கேஷ் டேலி ஆனதும் பதினைந்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேலை போதும். இன்று எஃப்.டி., நாளை நாமினி மாற்றுவது. அவன் செய்து காட்ட வேண்டாம். கீபோர்டு உங்கள் கையில் இருக்கட்டும். மெனு எண்களை உங்கள் கையெழுத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். அவனுக்கும் உங்களிடம் கற்க நிறைய இருக்கிறது. கையெழுத்து ஒத்துப்போகாமல் தவிக்கும் பென்ஷன்காரரிடம் எப்படிப் பேசுவது என்பது அவனுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

வி.ஆர்.எஸ். கடிதம் இப்போது வேண்டாம். தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது எடுக்கிற முடிவில்லை அது. உங்கள் சர்வீஸுக்கு அதைப் பிறகும் கேட்கலாம். முதலில் தூக்கத்துக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள். மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.