ஓடையில் விட எந்த மீன்குஞ்சு வாங்கலாம்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் மலையடிவார ஊர் எங்களுடையது. ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடை கடனாநதியில் போய்ச் சேர்கிறது. மேலே புலிகள் காப்பகக் காடு. சின்ன வயதில் துண்டை விரித்து அரித்தாலே அயிரையும் கெண்டையும் கிடைக்கும். இப்போது தடுப்பணையில் சிலேபி மட்டும்தான் தெரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் 80,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். ஜேசிபி வைத்து ஓடையைத் தூர்வாரி, கரையைச் சுத்தம் செய்து, 5,000 மீன்குஞ்சு விடலாம் என்று திட்டம். எந்தக் குஞ்சு நல்லது? எங்கே வாங்குவது?

பதில்: எந்தக் குஞ்சும் வேண்டாம். ஜேசிபியும் வேண்டாம். பணத்தை யாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

ஊர் கூடிப் பணம் போட்டு நல்ல காரியம் செய்யப் புறப்பட்டவர்களிடம் இப்படிச் சொல்வது எனக்கும் சங்கடம்தான். ஆனால் உங்கள் திட்டத்தில் உள்ள மூன்று வேலைகளுமே ஓடையில் மிச்சமிருக்கும் மீனையும் காலி செய்துவிடும்.

முதலில் தூர். குளத்தில் தூர்வாருவது நமக்குப் பழக்கமான வேலை. அங்கே வண்டல் படிகிறது, கொள்ளளவு குறைகிறது, எடுக்கிறோம். அதே கணக்கை ஓடைக்குப் போடக் கூடாது. ஓடையில் கிடக்கும் உருண்டைக் கல், சரளை, விழுந்த மரம், தண்ணீருக்குள் தொங்கும் வேர் எல்லாம் மீன் குடியிருக்கும் இடம். கல்லைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்கள் மலை ஓடைகளில் பல உண்டு. சரளைக்கு இடையில் முட்டையிடும் மீன்கள் உண்டு. அயிரைக்கு மணலும் மெல்லிய வண்டலும் கலந்த தரை வேண்டும், ஆபத்து வந்தால் அதற்குள் புதைந்துகொள்ளும். ஜேசிபி ஒரே நாளில் இதையெல்லாம் வாரி, ஓடையை ஒரே மட்டமான வாய்க்காலாக்கிவிடும். கலங்கிய சேறு கீழே போய், அங்கிருக்கும் சரளையின் இடுக்குகளையும் அடைக்கும். முட்டைக்கு மூச்சு முட்டிப்போகும்.

இதில் எனக்குப் பெரிய பயம் கசத்தைப் பற்றித்தான், அதாவது ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான பள்ளம். உங்கள் ஓடையில் பாறைக்கு அடியிலோ திருப்பத்திலோ ஆளுயரம், இடுப்பளவு ஆழத்தில் சில கசங்கள் கட்டாயம் இருக்கும். சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழையும் போய், பங்குனி சித்திரையில் ஓடை அறுந்து நிற்கும்போது மொத்த மீனும் அந்த நாலைந்து கசத்துக்குள்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அடுத்த வருடத்துக்கான விதைநெல் அது. மட்டம் தட்டினால் கசம் போய்விடும்.

கரையைச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். மருதம், நாவல், புங்கன், தாழை என்று எது நின்றாலும் நிற்கட்டும். நிழல் போனால் தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைகிற இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். ஓடும் தண்ணீருக்குப் பழகிய மீனுக்கு அந்த ஒன்றரை மில்லிகிராம் பெரிய விஷயம். அப்புறம், உதிரும் இலையைத் தின்று பூச்சிப் புழுக்கள் வளர்கின்றன, அவற்றை மீன் தின்கிறது. சருகு பார்க்கக் குப்பைபோல இருக்கிறதே என்று வாரி எடுத்தால் மீனின் சோற்றுப் பானையையே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக், பழைய துணி, ஷாம்பு பாக்கெட், பாட்டில் இவற்றை மட்டும் கையால் பொறுக்குங்கள். துணியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியை டன் கணக்கில் அள்ள வேண்டியிருக்கிறது.

சரி, குஞ்சு விஷயத்துக்கு வருவோம். பண்ணைகளில் சுலபமாகக் கிடைப்பவை கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. குளத்தில் வளர்த்துச் சாப்பிட அருமையான மீன்கள், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் கல்லும் பாறையுமான ஓடையில் விட்டால் ஒன்று சாகும், இல்லையென்றால் உள்ளூர் மீனின் இரையில் பங்கு கேட்கும். சிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் ஒரு ஜோடி புகுந்தாலே போதும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. இன்னும் சில இடங்களில் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். யாராவது ‘நாட்டுக் கெளுத்தி சார்’ என்று மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மீன் விட்டுத் தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரி நாட்களில் கொசு ஒழிப்பு முகாமில் ஒரு வாளி கம்பூசியா மீனை (கொசுப் புழு தின்னும் வெளிநாட்டு மீன்) ஊர்க்கிணற்றில் கொட்டிக் கைதட்டல் வாங்கினேன். அடுத்த மழையில் கிணறு நிரம்பி வழிந்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன், பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தவளைத் தலைப்பிரட்டையையும் தின்னும் என்பதைப் பிறகுதான் படித்தேன். கொசுப் புழுவைத் தின்ன நம் ஊரிலேயே, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் சின்ன மீன் காலங்காலமாக இருக்கிறது.

‘அப்படியானால் நம் நாட்டு மீனையே வாங்கி விடலாமே’ என்று அடுத்து கேட்பீர்கள். காவிரியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே முதுகில் திமிலோடு, ஆரஞ்சுத் துடுப்போடு ஒரு மகசீர் மீன் உண்டு. காவிரிப் படுகை தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மகசீர் குறைகிறதே என்ற நல்ல எண்ணத்தில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் வளர்ந்த வேறொரு வகை மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அதுவும் இந்திய மீன்தான், அதுவும் மகசீர்தான். ஆனால் நீலத் துடுப்புக்கொண்ட அந்த வந்தேறி பெருகப் பெருக, திமில் மகசீர் அருகிக்கொண்டே போனது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் இன்னது என்று உறுதியானதே 2018-ல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது.

உங்கள் தாமிரபரணிப் படுகைக்கும் அப்படிச் சொந்த மீன்கள் இருக்கின்றன. ஒன்றின் அறிவியல் பெயரிலேயே ஆற்றின் பெயர் உண்டு: டாக்கின்ஸியா தாம்ப்ரபர்னியை. கெண்டை இனம். வளர்ந்த ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பில் கதிர்கள் நூல் நூலாக நீண்டு நிற்கும். தாமிரபரணியும் அதன் கிளை ஆறுகளும்தான் அதற்கு உலகம், அழியும் ஆபத்தில் உள்ள இனம். (பெயரின் முதல் பாதி உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்து 2012-ல் வைத்தது. அவருக்கு நம் ஓடையைத் தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.) உங்கள் ஓடையில் அது இருக்கிறதோ இல்லையோ, இருக்கக்கூடும் என்ற நினைப்போடுதான் எதையும் செய்ய வேண்டும்.

அப்படியானால் மீன் எங்கிருந்து வரும்? மேலேயிருந்து. காட்டுக்குள் இருக்கும் கசங்களில் தாய்மீன்கள் இருக்கும்வரை, வெள்ளத்தோடு குஞ்சுகள் இறங்கி வந்துகொண்டேதான் இருக்கும். இறங்கி வந்த மீன் ஏன் தங்குவதில்லை, தங்கியது ஏன் மேலே திரும்ப முடிவதில்லை என்று பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது, தடுப்பணை. அது ஓடுகிற தண்ணீரைத் தேங்க வைத்துச் சூடாக்குகிறது, சிலேபிக்கு அதுதான் சொர்க்கம். முட்டையிட மேலே ஏறும் மீனுக்கோ அது செங்குத்துச் சுவர். அணையை இடிக்கச் சொல்லவில்லை, விவசாயத்துக்கு அது வேண்டும். கட்டிய துறையின் பொறியாளரைப் பார்த்து, நடுவில் ஒரு தாழ்வான வழிவாயும், கீழ்ப்பக்கம் பாறாங்கற்களை அடுக்கிய சரிவும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதற்குப் போகட்டும். துறையின் அனுமதி இல்லாமல் நீங்களே கல்லை உருட்டிப் போடாதீர்கள்.

கோடையில் கசத்தில் மோட்டார் இறக்குவது இரண்டாவது காரணம். இது தோட்டக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய சமாச்சாரம், சண்டை போட்டால் நடக்காது. இரண்டே இரண்டு கசத்தை மட்டும் விட்டுவைப்போம் என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்கும். மருந்து அடிக்கும் டேங்கை ஓடையில் கழுவுவதையும் அப்போதே பேசிவிடுங்கள். சைபர்மெத்ரின் மாதிரியான பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) அப்படித்தான். கரையிலிருந்து தள்ளி, கழுவிய தண்ணீர் ஓடைக்குத் திரும்பாத மேட்டில் ஒரு தொட்டி கட்டிக் கொடுங்கள்.

மூன்றாவது, பிளீச்சிங் பவுடர், தோட்டா, பேட்டரி கரண்ட். அந்தக் காலத்தில் காக்கைக்கொல்லி விதையைப் போட்டார்கள், இப்போது இது. அரைக் கிலோ மீனுக்காக ஒரு கசத்தின் முட்டை, குஞ்சு, பூச்சி அத்தனையும் சாகிறது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பையன்கள்தான் என்பதால், போலீஸுக்கு முன் கிராமசபை. பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அது பெயரளவில் இருந்தால் தூசு தட்டச் சொல்லி, ஓடை மீன்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள். புதுவெள்ளம் வந்து மீன் ஏறும் இரண்டு மூன்று வாரத்துக்குப் பறி (மீன் பிடிக்கும் கூடை) வைப்பதில்லை என்று ஒரு தீர்மானமும் போடலாம்.

சிலேபியை என்ன செய்வது என்றால், பிடித்துக் குழம்பு வையுங்கள். கோடையில் வலை போட்டு முடிந்தவரை எடுங்கள், வலையில் வரும் மற்ற மீனை உயிரோடு விட்டுவிடுங்கள். முழுதாக ஒழிக்க முடியாது. நிழலும் ஓட்டமும் திரும்பினால் அதன் கை தாழும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காட்டுக்கு வெளியே உள்ள பகுதியில் மட்டும் (உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும்) ஓடையோடு நடந்து, ஒவ்வொரு கசத்துக்கும் ஊரார் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். மூங்கில் கழியை விட்டு ஆழத்தை அளந்து குறியுங்கள். நாலு கல்லை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தட்டையான உடம்பும் வாலில் மூன்று இழையுமாகப் பூச்சிப் புழு ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் இன்னும் கெட்டுப்போகவில்லை. கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள். மே மாதம் அதே கழியோடு மறுபடி போய் அளந்து, இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்புங்கள்.