சுகாதார அதிகாரிகளின் பதிவுகளை அப்படியே பகிரலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். சுகாதார அதிகாரிகள் சமூக வலைத்தளங்களில் எழுதுவதை உடனுக்குடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவேன். சில வாரங்கள் கழித்து அவர்களே மாற்றிச் சொன்னால், திட்டு எனக்குத்தான் விழுகிறது. பகிர்வதை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் விட்ட இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நிறுத்துங்கள். தேதி வெட்டுப்பட்டுப் போவதும், பின்னால் வந்த திருத்தம் கண்ணில் படாமல் போவதும் அதனால்தான். பதிவின் இணைப்பையே அனுப்பி, எந்தத் தேதி நிலவரம் என்று மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இனி, பதிவைப் படிக்கும் விதம். 2020 ஜனவரி 14 அன்று உலக சுகாதார நிறுவனம், புதிய கொரோனா வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் சீன அதிகாரிகளின் முதற்கட்ட விசாரணையில் கிடைக்கவில்லை என்று ட்விட்டரில் எழுதியது. ஆறே நாளில், ஜனவரி 20 அன்று, அப்படிப் பரவுகிறது என்பதைச் சீன மருத்துவ நிபுணர் சோங் நான்ஷான் உறுதிப்படுத்தினார். முதல் பதிவு, அதுவரை தெரிந்ததைத்தான் சொன்னது. படித்தவர்களில் பலர் அதைப் 'பரவாது' என்று எடுத்துக்கொண்டார்கள். 'இதுவரை', 'முதற்கட்ட' போன்ற சொற்கள் இருக்கும் பதிவு மாறக்கூடியது. பகிரும்போது அந்தச் சொற்களைச் சுருக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொரு வகைத் தடுமாற்றம் அதிகாரிகளின் தவறு என்பேன். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று ட்வீட் செய்தார். பொதுமக்களுக்கு நோய் தொற்றாமல் தடுக்க அது பயன்படாது என்றும், மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காவிட்டால் ஆபத்து என்றும் அதிலேயே எழுதினார். பயன்படாத பொருள் அவர்களுக்கு மட்டும் எதற்கு என்று மக்கள் கேட்காமல் இருப்பார்களா? ஏப்ரல் 3 அன்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், பொது இடங்களில் துணிக் கவசம் அணியப் பரிந்துரைத்தது. தட்டுப்பாடு என்ற உண்மைக் காரணத்தோடு அவர் நிறுத்தியிருந்தால், பிற்பாடு ஆலோசனை மாறியபோது நம்பிக்கை இவ்வளவு அடிபட்டிருக்காது.

அதிகாரியின் தனிப்பட்ட கணக்கா, துறையின் கணக்கா என்றும் பாருங்கள். தனிக் கணக்கில் கருத்தும் இருக்கும், அரசியலும் இருக்கும். அங்கே வரும் அறிவுரை துறையின் தளத்திலோ சுற்றறிக்கையிலோ இல்லையென்றால் காத்திருங்கள். மருந்தின் பெயர், அளவு உள்ள எதையும் குழுவில் போடவே வேண்டாம். அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

எதைப் பகிர்ந்தால் பலன் உண்டு என்றால், 'விழிப்புடன் இருங்கள்' ரகப் பதிவுகளால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தடுப்பூசி முகாம் எங்கே, எந்த நேரம், எந்த வயதினருக்கு, என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் பதிவுதான் ஆளை எழுந்து நடக்க வைக்கும். ஒரு பதிவுக்கு ஆயிரம் விருப்பக் குறிகள் விழுந்தாலும், ஆயிரம் பேர் கை கழுவினார்கள் என்று ஆகாது.

ஆலோசனை மாறினால் பழையதை ஓசையில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதையே மேற்கோளாக எடுத்து, அன்று சொன்னது இது, இன்று மாறியது இது, காரணம் இது என்று எழுதுங்கள். காரணத்தை அதிகாரி சொல்லவில்லையென்றால், அவருடைய பதிவின் கீழேயே கேளுங்கள். பலர் கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு.