என்ரிக்கியோ ஏரி: கேட்டதும் சொன்னதும்

கே: அண்ணா, டொமினிக்கன் குடியரசில் இருக்கும் இந்த ஏரிக்கரையில் பவளப்பாறை கிடக்கிறதாமே, நிஜமா?

ப: நிஜம்தான். அது முன்பு கடல். கிழக்கே நெய்பா விரிகுடா வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துபோய்க் கொண்டிருந்தது. யாக்கே தெல் சூர் ஆறு கொட்டிய வண்டல் வாயை அடைத்துவிட்டது. இது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. சிக்கிய தண்ணீர் வெயிலில் வற்றி, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 40 மீட்டர் கீழே போனது. காய்ந்த ஓடைகளில் இறங்கினால் மான்கொம்புப் பவளம் நின்ற நிலையிலேயே நிற்பதைப் பார்க்கலாம். கையால் தொடலாம், உடைக்காதீர்கள்!

கே: உப்புத் தண்ணீரில் முதலை எப்படி சார் பிழைக்கிறது?

ப: அமெரிக்க முதலைக்கு நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. சிக்கல் குஞ்சுகளுக்குத்தான். அவ்வளவு உப்பை அவற்றால் தாங்க முடியாது, கரையோர நன்னீர் ஊற்றுகளை ஒட்டித்தான் வளரும். ஆகவே முதலையைக் காப்பதென்றால் ஊற்றுகளையும் காக்க வேண்டும்.

கே: ஏரிக்குள் இருக்கும் தீவில் இகுவானா என்ற பெரிய பல்லி இருக்கிறதா?

ப: கப்ரீத்தோஸ் தீவில் இரண்டு வகை. ஒன்றுக்கு மூக்கின் மேல் கொம்பு, இன்னொன்றுக்குச் சிவந்த கண். இரண்டாவதான ரிக்கார்டு இகுவானாதான் அரிது.

கே: என்ரிக்கியோ யார்?

ப: ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இங்கு வாழ்ந்த தாயினோ மக்களின் தலைவர். 1519இல் ஸ்பானியர்களை எதிர்த்து பஹோருக்கோ மலைகளில் ஏறியவர், 1533 வரை பிடிபடவே இல்லை. கடைசியில் ஸ்பெயின் அரசே தூதரை அனுப்பி உடன்படிக்கை செய்துகொண்டது. கரைக்கு மேலே லாஸ் காரித்தாஸில், அதே பவளப்பாறையில் தாயினோக்கள் செதுக்கிய முகங்களும் இருக்கின்றன.

கே: ஐயா, 2010 ஹைட்டி நிலநடுக்கத்தால்தான் ஏரி பெருகியது என்கிறார்களே?

ப: தேதியே இடிக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏற ஆரம்பித்துவிட்டது. 2007இல் நோயல், ஓல்கா என்ற இரண்டு புயல்கள் வேறு. வடிகால் இல்லாத ஏரி. வரும் தண்ணீர் ஆவியாகத்தான் போக வேண்டும், மழை கூடினால் கரை நகரும். என் கணக்கில் மழைதான் முதல் சந்தேகத்துக்குரியது, ஆய்வாளர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். பத்தாண்டுக்குள் பரப்பு இரட்டிப்பானது. வாழைத்தோட்டங்கள் மூழ்கின, போக்கா தே கச்சோன் ஊரையே அரசு மேட்டுக்கு மாற்றிக் கட்டியது. உப்பும் நீர்த்துவிட்டது: வறண்ட காலத்தில் கடலைவிட இரண்டு மூன்று மடங்கு கரித்த தண்ணீர் அது.

கே: பூநாரை?

ப: உண்டு. ஆழமில்லாத ஓரங்களில் தேடுங்கள். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள், பள்ளத்தாக்கு வெயில் கொளுத்தும்.