வாசகர் கேள்வி பதில்: டோர் எதை மறைக்கும், எதை மறைக்காது?

இணையத்தில் பெரும்பகுதி ‘இருண்ட வலை’ என்று ஒரு பனிப்பாறைப் படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?
— மாணவர், கொட்டாஞ்சேனை

இல்லை. அந்தப் படம் இரண்டு விடயங்களை ஒன்றாகக் குழப்புகிறது. கூகிள் போன்ற தேடுபொறிக்கு எட்டாத பக்கம் எல்லாமே ஆழ்வலைதான். உங்கள் மின்னஞ்சல் பெட்டி, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக நூலகத்தில் கடவுச்சொல் கேட்கும் பகுதி எல்லாம் அதில் அடக்கம். பெரிதாக இருப்பது அதுதான். இருண்ட வலை அதற்குள் ஒரு சிறு மூலை. சாதாரண உலாவியில் திறக்காத, டோர் என்ற அடையாளம் மறைக்கும் வலையமைப்பின் வழியாக மட்டும் திறக்கும், ‘.ஒனியன்’ என்று முடியும் முகவரிகள் அங்கே இருக்கின்றன. களவுச் சந்தைகள் உண்டு. 2014 முதல் பேஸ்புக்கும் 2019 முதல் பிபிசியும் அங்கே வாசல் வைத்திருக்கின்றன.

2022 ஏப்ரலில் ஊரடங்கோடு சமூக ஊடகங்களை முடக்கியபோது விபிஎன் போட்டுத் தப்பினோம். டோர் அதைவிட வேறானதா? எப்படி நிறுவுவது?
— வாசகி, வெள்ளவத்தை

வேறானதுதான். விபிஎன்னில் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டையும் ஒரே கம்பனி அறியும். டோரில் உங்கள் தரவு தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று ரிலேக்களை, அதாவது தரவை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் கணினிகளை, கடக்கிறது. முதலாவதற்கு உங்கள் முகவரி தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் உள்ளதற்கு இரண்டுமே தெரியாது. மூன்று அடுக்கு மறையாக்கத்தில் ஒவ்வொரு ரிலேயும் ஓர் அடுக்கை உரிப்பதால்தான் ‘ஒனியன்’ என்ற வெங்காயப் பெயர். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பிறந்த யோசனை இது. இத்தனை சுற்று சுற்றுவதால் வேகம் குறையும்; வீடியோ பார்க்க இது உதவாது.

டோர் உலாவியை டோர் புராஜெக்ட் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அன்ட்ரொய்ட் என்றால் பிளே ஸ்டோரிலும் உண்டு. ஐபோனுக்கு ‘ஒனியன் பிரவுசர்’. யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய செயலிக் கோப்பைத் தொடவே வேண்டாம். தடை வந்த பிறகு அந்தத் தளமே திறக்காமல் போகலாம். எனவே நிறுவற்கோப்பை இன்றைக்கே ஒரு யூஎஸ்பியில் எடுத்து வையுங்கள்.

திறந்ததும் ‘கனெக்ட்’ பொத்தானை அழுத்துங்கள். பாதியில் நின்றால் முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்ட் பட்டரி செத்த பழைய கணினிகளில் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும். நேரம் பிழையென்றால் டோர் இணையாது. நேரம் சரியாக இருந்தும் இணையவில்லையா? செட்டிங்ஸில் ‘கனெக்ஷன்’ பகுதிக்குப் போய் ஒரு ‘பிரிட்ஜ்’ (தடையைத் தாண்டி டோருக்குள் நுழைய உதவும் மாற்று வழி) தெரிவுசெய்யுங்கள். ஸ்னோஃபிளேக் என்ற பிரிட்ஜ் உங்கள் போக்குவரத்தை வீடியோ அழைப்புப் போலத் தோன்றச் செய்கிறது. ஓபிஎஃப்எஸ்4 என்ற இன்னொரு பிரிட்ஜ் அதை எதுவென்றே அடையாளம் தெரியாத குப்பைத் தரவாக்கிவிடுகிறது.

உலாவியில் புதிய எக்ஸ்டென்ஷன் எதையும் சேர்க்காதீர்கள். டோர் பாவிப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதுதான் பாதுகாப்பு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொன்றும் கூட்டத்திலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும். பாதுகாப்பு மட்டம் ‘சேஃபர்’ பெரும்பாலானோருக்குப் போதும். ‘சேஃபெஸ்ட்’ ஜாவாஸ்கிரிப்டை முழுதாக நிறுத்துவதால் பல தளங்கள் உடையும். டோர் வழியாக டொரன்ட் இறக்குவதும் கூடாது: பல டொரன்ட் செயலிகள் உங்கள் உண்மையான ஐபி முகவரியைத் தாமே சொல்லிவிடும்.

இலங்கையில் டோர் பாவித்தால் பிடிப்பார்களா?
— வாசகர், தெஹிவளை

சட்டம் பார்ப்பது நீங்கள் செய்த காரியத்தை. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், எந்த உலாவியில் செய்தாலும் பொருந்தும்.

ஒனியன் முகவரிகளை எங்கே தேடுவது? போலிகள் அதிகமாமே?
— வாசகர், பம்பலப்பிட்டி

போலிகள் மிக அதிகம். இன்றைய ஒனியன் முகவரியில் 56 எழுத்துகளும் இலக்கங்களும் உண்டு. 16 மட்டும் இருந்தால் அது 2021இல் கைவிடப்பட்ட பழைய வகை, திறக்காது. அந்த 56உம் தளத்தின் மறையாக்கத் திறவுகோலிலிருந்து வருவதால் முழு முகவரியையும் யாராலும் போலி செய்ய முடியாது. ஆனால் முதல் ஐந்தாறு எழுத்து ஒத்துப்போகும் வேறொரு முகவரியை ஒருவர் கணினியை ஓடவிட்டு உண்டாக்கிவிடலாம். தொடக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் பலர். நடுவையும் கடைசியையும் ஒப்பிடுங்கள்.

நம்பிக்கையான வழி, தெரிந்த தளத்தின் சாதாரண முகவரியை டோரில் திறப்பது. அத்தளத்துக்கு ஒனியன் இருந்து, அதை அறிவித்திருந்தால், முகவரிப் பட்டையில் ஒரு ஊதாப் பொத்தான் தோன்றும். தேடவேண்டுமென்றால் அஹ்மியா என்ற தேடுபொறி இருக்கிறது. சிறுவர் துஷ்பிரயோகப் பக்கங்களை அது நீக்கிவிடுகிறது.

அலுவலக மோசடி பற்றிய ஆவணங்களை ஒரு பத்திரிகைக்கு அனுப்ப எண்ணுகிறேன். டோர் போதுமா?
— பெயர் வேண்டாம், கோட்டை

போதாது. தயவுசெய்து இதை ஆறுதலாக வாசியுங்கள். டோர் மறைப்பது நீங்கள் வந்த பாதையை. டோர் பாவிக்கிறீர்கள் என்பதை உங்கள் வலையமைப்பை நடத்துபவர் காணலாம். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாகப் பொய்யான குண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் அகப்பட்டது அப்படித்தான். பல்கலைக்கழக வைஃபையில் அந்நேரம் டோர் பாவித்தவர்களைத் தேடினார்கள், விசாரித்தபோது ஒப்புக்கொண்டார். உங்கள் நோக்கம் நேர்மையானது, ஆனால் அலுவலக வலையமைப்பு உங்களையும் அதேபோல் காட்டிக்கொடுக்கும். அலுவலகக் கணினி, அலுவலக வைஃபை, அலுவலகத் தொலைபேசி மூன்றையும் தவிருங்கள். தேசிய அடையாள அட்டையில் பதிந்த சிம்மோடு தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வேறிடத்துக்குப் போனாலும் பயனில்லை. அதை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

அடுத்தது ஆவணம். தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் நேரமும், சிலவேளை இடமும் ஒளிந்திருக்கும். வேர்ட் கோப்பில் எழுதியவர் பெயர் நிற்கும். வர்ண லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக இயந்திரத்தின் தொடரிலக்கம் பதிகிறது. அந்த ஆவணத்தைப் பார்க்க அனுமதி எத்தனை பேருக்கு என்றும் எண்ணுங்கள். மூன்று பேருக்கு மட்டுமென்றால் எந்த மென்பொருளும் உங்களை மறைக்காது.

டோரில் உங்கள் வழமையான மின்னஞ்சலுக்குள் போனால் அந்த நொடியே நீங்கள் யாரென்று சொல்லியாயிற்று. கடைசி ரிலேயைத் தாண்டியதும் டோரின் மறையாக்கமும் முடிந்துவிடும். 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஒருவர் ஐந்து கடைசி ரிலேக்களை நடத்தியே தூதரகங்கள் பலவற்றின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைக் கண்டார். ஒனியன் முகவரிக்குப் போகும்போது தரவு டோரை விட்டு வெளியேறும் அப்படியொரு கடைசி ரிலே இல்லை: இரு பக்கமும் மும்மூன்று ரிலேயாக வந்து நடுவில் சந்திக்கின்றன. ஆகவே அந்தப் பத்திரிகைக்கு செக்யூர்டுரொப் என்ற, பெயர் சொல்லாமல் ஆவணம் அனுப்பும் ஒனியன் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணினிக்கு டெய்ல்ஸ் இயங்குதளம் நல்லது. குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பியில் பதிந்து, சொந்தக் கணினியை அதிலிருந்து தொடக்குங்கள். இணையத் தொடர்பெல்லாம் டோர் வழியாகவே போகும். படங்களில் ஒளிந்த தகவலை நீக்கும் கருவியும் அதிலேயே உண்டு. நிறுத்தியதும் அந்த அமர்வில் செய்த எதுவும் கணினியில் தங்காது. செக்யூர்டுரொப் பெட்டி தரும் குறிச்சொல்லை மட்டும் கடதாசியில் எழுதி வையுங்கள். பதிலை வாசிக்க அது வேண்டும்.