பையில் தாள் வரவில்லையே என்ற கவலை
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்கே தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்தவ சபைகள் நடத்தும் பாலர் பள்ளிகளைப் (கிரீச், பிரீஸ்கூல்) பற்றித்தான். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. எங்கள் சபை கிரீச்சுக்குத்தான் போகிறான். மாதா மாதம் பணம் கட்டுகிறோம், ஆனால் பையில் எழுதின தாள் ஒன்றுகூட வருவதில்லை. என்ன செய்தாய் என்று கேட்டால் மண்ணில் விளையாடினேன், தண்ணீர் ஊற்றினேன் என்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐம்பது வரை எழுதுகிறது. டீச்சரைக் கேட்டால், "நாங்கள் முழுப் பிள்ளையையும் வளர்க்கிறோம்" என்கிறார். அப்படியென்றால் என்ன? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

பதில்: உங்கள் பணம் வீணாகவில்லை, முதலில் அந்த பயத்தை விடுங்கள். ஒருநாள் காலையில் போய் அந்தத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிள்ளை ஒரு ஜக்கை இரண்டு கையாலும் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒல்லியான கோப்பையில் ஊற்றுவான், வழிவதற்குள் நிறுத்தப் பார்ப்பான். அதே தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றினால் பாதிகூட நிரம்பவில்லையே என்று திகைப்பான், மறுபடியும் ஊற்றுவான். பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஜக்குக்காகக் கை நீட்டும். இவன் கொடுக்க வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அழாமல் கேட்கத் தெரிய வேண்டும். கை பலம், கணக்கு, பேச்சு, பொறுமை எல்லாம் அந்த ஒரு தொட்டியில் நடக்கிறது. இதில் எதுவும் தாளில் ஏறி வீட்டுக்கு வராது.

எழுத்தும் அங்கிருந்துதான் வருகிறது. ஏறி இறங்கி, மண்ணைத் தோண்டி, மாவு பிசைந்து தோளும் மணிக்கட்டும் பலப்பட்ட பிறகுதான் விரல் பென்சிலுக்கு அடங்கும். ஐம்பது வரை எழுதுவது நல்லதுதான், அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் "சாப்பாட்டு மேசைக்கு ஆறு கரண்டி எடுத்து வா" என்று சொன்னால் ஆறு எடுத்து வருகிறதா, ஒன்று குறைந்தால் அதுவே கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். எண்ணைப் புரிந்துகொள்வது அதுதான். வரிசையாக எழுதுவதை மனப்பாடமாகவும் செய்யலாம்.

கிறிஸ்தவப் பள்ளிகளில் இந்த "முழுப் பிள்ளை" பேச்சுக்கு ஒரு வேதாகம ஆதாரமும் சொல்வார்கள். லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் முடிகிற இடத்தில், சிறுவனான இயேசு ஞானத்தில் வளர்ந்தார், உடலில் வளர்ந்தார், தேவனுடைய தயவிலும் மனிதருடைய தயவிலும் வளர்ந்தார் என்று இருக்கிறது. அறிவு, உடம்பு, ஆவி, உறவு என்று நாலும் ஒன்றாக வளர்வது. இதை வெறும் பிரசங்கம் என்று நினைக்க வேண்டாம். பிறந்ததிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நம் அரசாங்கம் 2015-இல் வெளியிட்ட தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும் ஆறு பகுதிகளைச் சொல்கிறது: நலவாழ்வு, தான் யார் தனக்கு யார் என்ற உணர்வு, பேச்சுத் தொடர்பு, கணக்கைத் தேடிப் பார்ப்பது, படைப்பாற்றல், உலகத்தை அறிவது. கணக்கு ஆறில் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். "விளையாட்டு மூலம் கற்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை முற்றத்தில் விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கிற இடங்களும் இருக்கின்றன. அது கல்வி இல்லை. டீச்சர் தொட்டி பக்கத்தில் குனிந்து "இதில் ஏன் நிரம்பவில்லை?" என்று கேட்கிறாரா? கேட்டால் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது சர்ச் பிரீஸ்கூல் என்பதால் பேத்தியை அங்கே சேர்த்தார்கள். இப்போது சாப்பிடும் முன் கண்ணை மூடி இயேசுவிடம் ஜெபம் செய்கிறாள். என் மகளுக்கும் மருமகனுக்கும் கவலை இல்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. (ஒரு ஆயா, ஃபீனிக்ஸ்)

பதில்: அம்மா, நான் கிறிஸ்தவன், அதைச் சொல்லிவிட்டே பதில் எழுதுகிறேன். சபை நடத்துகிற பள்ளியில் ஜெபமும் பாட்டும் இருக்கத்தான் செய்யும், சேர்க்கும்போதே அது தெரிந்ததுதான். ஆனால் நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு தருகிற மதச் சுதந்திரம் உங்கள் பேத்திக்கும் உண்டு. அதற்கும் மேலே, பிள்ளை தன் வீட்டைப் பற்றி வெட்கப்படாமல் வளர்வதுதான் முழுப் பிள்ளை வளர்ப்பின் அடிப்படை. மூணு வயதுப் பிள்ளையிடம் "உன் ஆயா ஏற்றும் விளக்கு தப்பு" என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளை தான் மிகவும் நேசிக்கிற ஆளையும் தான் நம்புகிற டீச்சரையும் ஒரே மனசுக்குள் சேர்த்து வைக்க முடியாமல் தவிக்கும். அது விசுவாசத்தை வளர்க்காது, பயத்தைத்தான் வளர்க்கும்.

ஆகவே மகளோடு போய் டீச்சரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படி வழிபடுகிறோம், தைப்பூசக் காவடிக்குப் பிள்ளை எங்களோடு வருவாள், மறுநாள் அதைப் பற்றி வகுப்பில் பேசினால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல டீச்சர் "சொல்லட்டுமே, கேட்கிறோம்" என்பார். முகம் சுளித்தால் வேறு பள்ளி பாருங்கள், கொஞ்சம் தூரமானாலும் பரவாயில்லை. பேத்தியிடம் ஒன்றும் கடிந்து பேச வேண்டாம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்கிற பழக்கம் அவளிடம் இருக்கட்டும், சாயங்காலம் நீங்கள் விளக்கேற்றும்போது பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: வசனம் ஒப்பிக்கவில்லை என்று என் நாலு வயது மகளின் கையில் ஸ்கேலால் அடித்திருக்கிறார்கள். கேட்டால் "பிரம்பைக் கையாளாதவன் மகனைப் பகைக்கிறான் என்று வேதாகமத்தில் நீதிமொழிகளே சொல்கிறதே" என்கிறார்கள். (பெயர் வேண்டாம் என்றவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் 1996-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது, பாலர் பள்ளிகளுக்கும் குழந்தைகள் சட்டத்தின் கீழ் அந்தத் தடை உண்டு. 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், வீட்டில் பெற்றோர் "அளவாக" அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. வேத வசனத்தைக் காட்டியும் அங்கே வாதாடினார்கள், நிற்கவில்லை. எழுத்தில் புகார் கொடுங்கள், முதலில் பள்ளி நிர்வாகத்திடம், அசையவில்லையென்றால் மாகாணக் கல்வித் துறையிடமும் சமூக சேவகரிடமும். சபைக்குக் கெட்ட பெயர் வருமே என்று தயங்காதீர்கள். "சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வர விடுங்கள்" என்ற இயேசுவின் வசனத்தைச் சொல்லத்தான் அந்தப் பிள்ளையை அடித்திருக்கிறார்கள். நான்கு வயதில் வசனம் மறந்துபோவது இயல்பு. பாட்டாக, கையசைவோடு சொல்லிக்கொடுத்தால் தானாக வரும், வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கேள்வி: கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய வருடம்) இப்போது கட்டாயமா? (லெனேசியா)

பதில்: ஆம். 2024-இல் கையெழுத்தான பெலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தச் சட்டம்) கிரேடு ஆரைக் கட்டாயக் கல்விக்குள் கொண்டுவந்துவிட்டது. இடம் சீக்கிரம் நிரம்பும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: கிரீச்சில் எல்லாம் இங்கிலீஷ். நாங்கள் வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்கிறார்கள். (டோங்காட்)

பதில்: குழம்பாது. இரண்டு மொழியையும் கலந்து பேசும் காலம் ஒன்று வரும், அதைக் குறையாக எடுக்காதீர்கள், தானே பிரித்துக்கொள்ளும். பட்டாணி உரிக்கும்போது தமிழில் எண்ணச் சொல்லுங்கள், ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அதன் வாசனை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தாத்தா பாட்டியிடம் பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தன் சொந்தம் எது என்று தெரியும், மேலே சொன்ன ஆறு பகுதிகளில் அதுவும் ஒன்று. சபையில் தமிழ்ப் பாட்டுகள் இருந்தால் வாரம் ஒன்றை வகுப்பில் பாட முடியுமா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.

கேள்வி: சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? (உம்ஸின்டோ)

பதில்: ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளும் இடம் பதிவு செய்திருக்க வேண்டும், சர்ச் ஹாலாக இருந்தாலும் சரி. சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலிலிருந்து இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது, அரசு மானியத்துக்கும் அங்கேதான் போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 17 ராண்டாக இருந்த அந்த மானியத்தை 2025 பட்ஜெட்டில் 24 ஆக உயர்த்தினார்கள். மூணு நாலு வயதில் இருபது பிள்ளைக்கு ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்பது விதி, இருபதே அதிகம் என்பது என் கருத்து.

அப்புறம் கழிவறையைப் பாருங்கள். கதவு, சோப்பு, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் குழாய், எல்லாம் இருக்கிறதா? குழிக் கழிப்பறை இருந்தால் அங்கே சேர்க்கவே வேண்டாம், இந்த நாட்டில் அதில் விழுந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். சுவரில் தொங்கும் படங்கள் எல்லாம் ஒரே அச்சாக, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி ஒட்டின ஆட்டுக்குட்டியாக இருந்தால், அது டீச்சர் செய்த வேலை. ஒன்றுக்கு ஐந்து கால், ஒன்று நீல நிறம் என்று இருந்தால் பிள்ளைகள் செய்தது. கடைசியாக, உள்ளே நுழையும்போது அழுகிற பிள்ளையிடம் யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் போகிறார்கள் என்று கவனியுங்கள். கட்டணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.