சினிமாப் பாட்டு தெரியாதா தம்பி?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் மாணவராக இருந்தபோது கேட்ட கிட்டார் இசைக்குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். திருச்சியில் நாங்கள் நான்கு பேர் ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். பாட்டெல்லாம் நாங்களே எழுதுவது. கொள்ளிடத்தைப் பற்றிக்கூட ஒன்று உண்டு. மேடை ஏறினால் மூன்றாவது பாட்டுக்குள் யாராவது "சினிமாப் பாட்டு தெரியாதா தம்பி?" என்று கேட்டுவிடுகிறார்கள். உங்கள் ஏக்கம் அந்த இசைக்கா, போன இளமைக்கா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இரண்டுக்கும்தான். ஆனால் உங்கள் மூன்றாவது பாட்டுச் சங்கதியைப் படித்ததும் எனக்கு ஒரு இரவு ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குப் பாட்டு என்றால் வானொலியில் வருவது. பாடுகிறவர்களின் முகம் தெரியாது. 1991இல் லெஸ்டர் பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் மாதம், கூடப் படித்தவன் ஒருவன் பக்கத்திலேயே இருந்த பிரின்சஸ் ஷார்லட் என்ற பப்புக்குக் கூட்டிப்போனான். பாடிய பையனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம். பாதிப் பாட்டில் அவனுடைய கிட்டார் தந்தி அறுந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயே குந்தியிருந்து புதுத் தந்தி மாட்டினான். ஒருவரும் நகரவில்லை. கச்சேரி முடிந்ததும் அவனே வாசலில் மேசை போட்டு கேசட் விற்றான். இரண்டு பவுண்ட். மீதிச் சில்லறை தந்த விரலில் தந்தி கிழித்த ரத்தம் காயாமல் இருந்தது. பாட்டு என்பது மனிதர்கள் செய்வது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் பப் இப்போது மாணவர் குடியிருப்பு ஆகிவிட்டது.

இரவில் பிபிசி ரேடியோ 1இல் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளரின் நிகழ்ச்சி. 1967இல் தொடங்கி 2004இல் இறக்கும்வரை அங்கே இருந்தவர். ஊர் பேர் தெரியாத குழுக்கள் அனுப்பும் டேப்புகளைக் கேட்பார். பிடித்தவர்களைக் கூப்பிட்டு, பெரும்பாலும் ஒரே நாளில் நாலு பாட்டுப் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். சில நேரம் ரெக்கார்டைத் தவறான வேகத்தில் போட்டுவிட்டு அதையும் சொல்வார். நான் விரலைப் பொத்தானில் வைத்தபடி, அவர் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் பதிவேன். அந்தக் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. இன்று எனக்குக் கேட்க வேண்டியிருப்பது வெட்டிப்போட்ட அந்தப் பேச்சுத்தான்.

கீழே சமையலறையில் வீட்டுக்காரக் குஜராத்தி அம்மா வேறு வானொலி வைத்திருப்பார். பிபிசியின் முதல் உள்ளூர் நிலையம் ரேடியோ லெஸ்டர், 1967 நவம்பர் 8 அன்று தொடங்கியது. 1976இல் அது தெற்காசியர்களுக்கென்று ஆரம்பித்த நிகழ்ச்சிதான் பின்னாளில் பிபிசியின் ஏசியன் நெட்வொர்க் வானொலியாக வளர்ந்தது. காலையில் அதில் இந்தி சினிமாப் பாடகி ஆஷா போஸ்லே பாட, சப்பாத்தி வாசனையோடு மாடிப்படி ஏறி வரும். அந்த அம்மாவின் பாட்டும் என்னுடைய பாட்டும் அந்தப் படியில் சந்தித்ததே இல்லை.

சந்திக்க வைத்தது, அதே ஊரில் 1991இல் தொடங்கிய கார்னர்ஷாப் என்ற இசைக்குழு. அவர்கள் முதலில் வெளியிட்ட இசைத்தட்டின் நிறமே குழம்பு நிறம். அவர்களுடைய 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' என்ற பாட்டு ஆஷா போஸ்லேயையும் பின்னணிப் பாடகர்களையும் ஆல் இந்தியா ரேடியோவையும் பற்றியது. பாடியதோ பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை, கிட்டாரோடு. 1997இல் பீலின் நேயர்கள் அதையே அந்த ஆண்டின் முதல் பாட்டாகத் தேர்ந்தார்கள். 1998 பிப்ரவரியில் அதன் ரீமிக்ஸ் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கீழே அந்த அம்மாவுக்கு நானே போட்டுக் காட்டினேன். ஆஷாவின் பெயர் வந்த இடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே கே., சினிமாப் பாட்டு கேட்கிறவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்கும் அது உயிர். ஆனால் உங்கள் பாட்டை நிறுத்தவும் வேண்டாம். தமிழில் உங்களுக்கு முன்னோடியும் உண்டு: இலங்கைப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. எந்தப் படத்திலும் வராமலே கிட்டாரோடு வந்து எங்கள் ஊர்க் கலியாண வீடுகளையெல்லாம் பிடித்துக்கொண்ட பொப் பாட்டு.

அப்புறம், அந்தக் கொள்ளிடம் பாட்டை அனுப்புங்கள். ஃபோனில் பதிந்தது போதும். நடுவில் நீங்கள் பேசியிருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள்.