விசா தேவையில்லாத தீவுக்கு 18,000 வெள்ளி எதற்கு?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகனுக்கு 24 வயது. வயரிங் படித்து எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வைத்திருக்கிறான். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் என்றொரு இடத்துக்கு விசாவே தேவையில்லை, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வருடத்தில் நார்வே குடியுரிமை என்று டவுனில் ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். 1920-ஆம் வருட ஒப்பந்தம் ஒன்றின் நகலையும் காட்டினார். மொத்தம் 18,000 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் 5,000 வெள்ளி இந்த மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். ஈபிஎஃப் சேமநிதிப் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் என் தங்கை மகனும் கூடப் போக ஆசைப்படுகிறான். நம்பலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. அந்த 5,000 வெள்ளியையும் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் பணம் பத்திரமாக இருக்கட்டும்.

ஏஜெண்ட் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. ஸ்வால்பார்டுக்குப் போகவும் தங்கவும் வேலை செய்யவும் நார்வே யாரிடமும் விசாவோ பெர்மிட்டோ கேட்பதில்லை. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். இந்த ஓர் உண்மையை முதலாக வைத்துத்தான் அவர் வியாபாரம் செய்கிறார். சரி, விசாவே கிடையாது என்றால் அவர் எந்த விசாவை வாங்கித் தரப் பணம் கேட்கிறார்? ‘ஸ்வால்பார்ட் பெர்மிட்’, ‘ஒப்பந்தச் சான்றிதழ்’ என்று முத்திரை குத்திய காகிதம் எதையாவது நீட்டினால் அது போலி. அப்படி ஒரு காகிதத்தை நார்வே அரசு யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த 1920 ஒப்பந்தம் உண்மையானதுதான். ஸ்வால்பார்ட் வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுக்கூட்டம். 1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் அதைக் கண்டார். பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், நிலக்கரி தோண்டுகிறவர்கள் வந்தார்கள். ஆனால் எந்த நாட்டுச் சட்டமும் அங்கே செல்லவில்லை. லாங்கியர் என்ற அமெரிக்கர் 1906-இல் சுரங்கம் தொடங்கினார், இன்றைய முக்கிய ஊரான லாங்கியர்பியேனுக்கு அவர் பெயர்தான். யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் ஆளாளுக்கு எல்லைக் கம்பு நட்டால் தகராறு வராமல் இருக்குமா? அதனால் 1920 பிப்ரவரி 9-ஆம் தேதி பாரிஸில் ஒப்பந்தம் போட்டு, ஆட்சியுரிமை நார்வேக்கு, தொழில் செய்யும் உரிமை கையெழுத்திட்ட நாடுகளின் மக்கள் எல்லாருக்கும் சமமாக என்று முடிவு செய்தார்கள். 1925-இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஏஜெண்ட் உங்களிடம் காட்டியது அநேகமாக அந்தச் சம உரிமை பற்றிய மூன்றாவது விதியாக இருக்கும். அதில் ‘மலேசியாவும் கையெழுத்துப் போட்ட நாடு’ என்று சொல்லியிருந்தால் அது பொய். பிரிட்டன் போட்டது, இந்தியாவின் பெயரிலும் போட்டார்கள். மலாயா அந்தப் பட்டியலில் இல்லை, சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் சேரவில்லை. ஆனால் இதனால் உங்கள் மகனுக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. உள்ளே விடுவதில் நார்வே நாடு பார்ப்பதில்லை. இன்னொன்று, உரிமை என்பது கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும்தான். உள்ளே வேலை தருகிறேன், வீடு தருகிறேன் என்று அந்த ஒப்பந்தம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நிலக்கரி வேலை விஷயத்துக்கு வருகிறேன். அங்கிருந்த கடைசி நார்வே சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025-இல் மூடப்பட்டுவிட்டது. பாரன்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரஷ்ய அரசு நிறுவனம் ஒன்று தோண்டுகிறது, அதற்கு நம் டவுனிலிருந்து யாரும் ஆள் பிடிக்கவில்லை. மூடிய சுரங்கத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பேச மேற்கொண்டு என்ன இருக்கிறது?

லாங்கியர்பியேனில் சுமார் 2,500 பேர் வாழ்கிறார்கள். தாய்லாந்துக்காரர்களும் பிலிப்பினோக்காரர்களும் நிறையப் பேர் ஓட்டல், துப்புரவு, உணவகம் என்று வேலை செய்கிறார்கள். அதனால் ஆசியாவிலிருந்து போனவர் அங்கே பிழைக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வீடுகள் பெரும்பாலும் முதலாளிகள் கையில். வேலை போனால் வீடும் போகும். பிழைக்க வழியில்லாதவருக்குச் சமூக உதவித்தொகை, முதியோருக்கு இல்லம், இதெல்லாம் அந்தத் தீவில் கிடையாது. பிரசவத்துக்குக்கூட நார்வே நிலப்பரப்புக்குப் போய்விட வேண்டும். தன் செலவைத் தானே தாங்க முடியாதவரை அங்குள்ள ஆளுநர் திருப்பி அனுப்பலாம், 1995 முதல் அதற்கென்றே விதிகள் இருக்கின்றன. ‘விசா தேவையில்லை’ என்பதைப் பெரிதாகச் சொல்லும் எவரும் இதைச் சொல்வதில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழாது என்பதையும் மகன் தெரிந்துகொள்ளட்டும். அப்புறம், எலெக்ட்ரிஷியன் வேலைக்கு நார்வேயில் தனி அங்கீகாரம் வேண்டும். எஸ்கேஎம் சான்றிதழைக் காட்டிய உடனே வயரில் கை வைக்க விடமாட்டார்கள்.

குடியுரிமை பற்றிச் சொன்னது முழுப் பொய். ஸ்வால்பார்டில் இருந்த வருடங்களை நார்வேயில் வசித்ததாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். இரண்டு வருடம் இருந்தாலும் இருபது வருடம் இருந்தாலும் அதை வைத்து நார்வே நிலப்பரப்பில் நிரந்தர வசிப்புரிமை கேட்க முடியாது. 2022-இல் நார்வே அரசு இன்னும் இறுக்கியது: நிலப்பரப்பில் மூன்று வருடம் வாழாத வெளிநாட்டவருக்கு அந்த ஊர் மன்றத் தேர்தலில் ஓட்டுகூட இல்லை.

இனி உங்கள் தங்கை மகன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எந்த ஏஜெண்டும் இதைச் சொல்லமாட்டார். தீவுக்கு விசா வேண்டாம், ஆனால் தீவுக்குப் போகும் வழிக்கு வேண்டும். விமானம் ஓஸ்லோ அல்லது துரோம்ஸோ வழியாகத்தான் போகும். நார்வேயின் அந்த இரண்டு ஊர்களும் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு எல்லைக்குள் இருக்கின்றன, ஸ்வால்பார்ட் வெளியே இருக்கிறது. மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கனில் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம், ஆகையால் உங்கள் மகனுக்கு வழியில் சிக்கல் இல்லை. சிவப்பு ஐசிக்காரருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. அந்தச் சலுகை பாஸ்போர்ட்டுக்குத்தான், இந்த மண்ணில் பிறந்ததற்கு இல்லை. பயண ஆவணம் ஒன்றை வாங்கி, அதில் ஷெங்கன் விசாவும் வாங்க வேண்டும். அந்த விசா குறைந்தது இரண்டு முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஓஸ்லோவில் இறங்குவது ஒரு நுழைவு. தீவுக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. ஊர் திரும்ப ஓஸ்லோ வருவது இன்னொரு நுழைவு. ஒரு முறை நுழையும் விசாவோடு போனவர் திரும்பும் வழியில்லாமல் தீவில் மாட்டிக்கொள்வார். அதோடு மலேசியாவுக்குள் திரும்ப வர நம் குடிநுழைவுத் துறையின் மறுநுழைவு அனுமதியும் கையில் இருக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இங்கே பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை இன்னும் சிவப்பு அட்டையோடு ஒவ்வொரு கவுண்டரிலும் நிற்க வேண்டியிருப்பதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பையனின் பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஆவணங்கள் எல்லாவற்றையும் திரட்டி முதலில் குடியுரிமைக்கு மனுப் போடுங்கள். அதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

ஏஜெண்டுகளைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுதுவது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். நம் முன்னோரைக் கூட்டி வந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. கப்பலேறியவர் அங்கே போய் என்ன ஆனார் என்பது அவர் கவலை இல்லை. இன்றைய ஏஜெண்டும் தலைக்கு இவ்வளவு என்றுதான் எண்ணுகிறார், ஆனால் காசை உங்களிடமே வாங்கிக்கொள்கிறார். விசா வேண்டாத ஊர் என்ற பெயரில் பையனை ஓஸ்லோவில் இறக்கி ஏதாவது உணவகத்தின் சமையலறையில் தள்ளினால், அது சட்டவிரோத வேலை. 90 நாள் சலுகை நார்வே நிலப்பரப்பில் வேலை செய்யும் உரிமை அல்ல. பிடிபட்டால் தண்டனை பையனுக்கு, ஏஜெண்டுடைய போன் எண் அதற்குள் மாறியிருக்கும். 2022-இலிருந்து கம்போடியா, மியன்மார் என்று நம் பிள்ளைகள் வேலை ஆசையில் போய் அடைபட்டுக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம்.

1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு மனிதவள அமைச்சின் லைசென்ஸ் வேண்டும், அதிலும் ஏ வகை லைசென்ஸ் உள்நாட்டு வேலைக்கு மட்டும்தான். கட்டணத்துக்கும் அந்தச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கப் போனால் ஒரு கவுண்டரில் இது எங்கள் வேலை இல்லை என்பார்கள், அடுத்த கவுண்டரில் முந்தைய கவுண்டருக்கே போகச் சொல்வார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவர் எத்தனை முறை அலைவார்? அதனால்தான் பணம் கைமாறும் முன்பே நிறுத்தச் சொல்கிறேன்.

ஏஜெண்டிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: அவருடைய லைசென்ஸ் எண், வேலை தரும் நார்வே கம்பெனியின் ஒன்பது இலக்கப் பதிவு எண். முதலாவதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டுச் சரிபார்க்கலாம். இரண்டாவதை நார்வேயின் கம்பெனிகளைப் பதிவு செய்யும் புரோன்னோய்சுண்ட் பதிவகத்தின் இணையதளத்தில் மகனே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கம்பெனி உண்மையாக இருந்தால் அதற்கு நேராக எழுதி, இப்படி ஒரு வேலையும் தங்க இடமும் இருக்கிறதா என்று கேட்கட்டும். இந்தக் கடிதம் அச்சேறுவதற்குள் நீங்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால், ஏஜெண்டைத் தேடிப் போகாமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். மகனுடைய பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் அதை இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.